தலை போன யானை

ஆறுக்குட்டி பத்து ரூபாய் நோட்டை நீட்டினால் குன்னூர் மார்க்கெட்டில் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். கறிக்கடைக்காரர் பார்ப்பார், மருந்துக்கடைக்காரர் பார்ப்பார், மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர்கூட ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். பதிமூன்று வருஷமாக நடக்கிற வேடிக்கை இது. குன்னூர் மவுண்ட் ரோட்டில் தேயிலை எஸ்டேட் சாமான் கடை வைத்து, கவாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் நடுவட்டம் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த நேர்மையான வியாபாரி அவன். அவனுக்கு ஊர் வைத்த பேர் கள்ளக்காசு.

ரேஷன் கடை வரிசையில் அவன் மனைவி வேலாமணி நிற்கும்போது, “கள்ளக்காசு சம்சாரத்துக்குக் கொஞ்சம் வழி உடுங்க” என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவள் கெட்டவள்கூட இல்லை, வழி விடத்தான் சொன்னாள். வேலாமணி சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பேரை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் கருணாகரன். எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் தேயிலைக்குப் பதம் பார்க்கிற டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குள் பெட்போர்டு என்கிற இடத்துக்கு மேலே ஏற்றத்தில் வீடு, கம்பளிக் கோட்டு, கையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. குன்னூரில் பழைய காசு சேகரிக்கிறவர்கள் வைத்திருந்த சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த மாடி ஹாலில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் காசு கொண்டுவந்தாலும் அது முதலில் செயலாளர் டக்ளஸ் மேசைக்குப் போக வேண்டும். டக்ளஸ் தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர், எதையும் பதியாமல் விடமாட்டார். காசின் மேல் பதிவேட்டுத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். காசில் உள்ளது உள்ளபடியே தாளில் எழும்பி வரும். பக்கத்தில் எடையை எழுதுவார். கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட வேண்டும், தலைவரும் கீழே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் காசு தட்டில் ஏறிக் கைமாறி வலம் வரும்.

பழைய காசு இன்றைக்கு மெஷின் துப்புகிற காசு மாதிரி இல்லை. ஒருவன் செம்பு வில்லையை அச்சின் மேல் வைப்பான், இன்னொருவன் சம்மட்டியால் ஒரு போடு போடுவான். வில்லை கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் ராஜாவின் மூக்கு போச்சு. அந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் பிடரி போச்சு. நட்ட நடுவில் விழுந்த காசு நூற்றில் ஒன்று தேறினால் பெரிது. அதனால் சேகரிக்கிறவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. மையம் தப்பிய காசில் எதை மன்னிப்பது, எதை மன்னிக்கக் கூடாது என்பதுதான் அந்த வழக்கு. ஓரம் போனால் பரவாயில்லை, முகம் போகக் கூடாது என்பார்கள் சிலர். முகத்தை வேறு காசில் பார்த்துக்கொள்ளலாம், எழுத்து இருந்தால் போதும் என்பார்கள் வேறு சிலர்.

கருணாகரனுக்கு அந்த வழக்கே கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருஷாவருஷம் அவர் ஒரு பாடம் நடத்துவார். “மையம் முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம். ஒதுங்கின காசு என் அலமாரிக்குள்ள வராது” என்பார். கூடவே இன்னொன்றும் சொல்வார். “இது கையால அடிச்சது. ஒவ்வொரு அடியிலயும் வில்லை ஒவ்வொரு மாதிரி நகரும். ரெண்டு காசு ஒரே மாதிரி மையம் தப்பாது. அப்படித் தப்பியிருந்தா, ஒண்ண வெச்சு இன்னொண்ண வார்த்திருக்கான்னு அர்த்தம்.” நல்ல பாடம்தான், ஆறுக்குட்டியே இரண்டு தடவை உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

1983 பிப்ரவரியில் ஆறுக்குட்டி அந்தத் தட்டில் ஒரு காசு வைத்தான். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்களிடம் வாங்கியது. சேரர் காலத்துச் செம்பு. ஒரு பக்கம் வில், மறுபக்கம் யானை. அந்த யானைக்குக் கழுத்து வரைக்கும்தான் உடம்பு. தலையும் தும்பிக்கையும் வில்லைக்கு வெளியே போய்விட்டன. ஆனால் வாலுக்குப் பின்னால், ஓரத்தில், நான்கு பழைய எழுத்துகள் ஒரு கோடு குறையாமல் நின்றன. இந்த வகைக் காசில் அந்த எழுத்துகளை முழுதாக யாரும் பார்த்ததில்லை. வில்லையைவிட அச்சு பெரியது. யானை முழுதாக விழுந்தால் எழுத்து வெட்டுப்படும்.

கருணாகரன் காசைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பினார்.

“தலை போன யானை” என்றார். “காயலான் கடையில போடலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆறுக்குட்டி விடவில்லை.

“தலை போனாப் போவட்டுமுங்க. காலப் பாத்தாலே ஆனைன்னு தெரியுது. இந்த எழுத்த வேற எங்கீங்க பாக்கறது?”

“எழுத்துப் படிக்கணும்னா புஸ்தகம் வாங்கு ஆறுக்குட்டி.”

அதற்கும் ஒரு சிரிப்பு. ஆனால் கூட்டம் கலைந்து மாடிப்படி இறங்கும்போது அதே கருணாகரன் அவன் தோளில் கைபோட்டார். “பாவம், ஆசையா வாங்கியிருக்கே. மூணு வாரம் குடு. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அந்த எழுத்தைக் காட்டிக் கேட்டுப் பாக்கறேன்” என்றார். ஆறுக்குட்டி சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்தான். தட்டில் வைக்கிற காசுக்குத்தான் பதிவு உண்டு, படியில் கைமாறுகிற காசுக்குக் கிடையாது. தலைவரிடம் ரசீது கேட்டால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. அந்தச் சங்கத்தில் யாரும் யாரிடமும் ரசீது கேட்டதில்லை. அந்த மரியாதைதான் அவன் குடியைக் கெடுத்தது.

மூன்று வாரம் கழித்துக் காசு ஒரு காகித உறையில் திரும்பி வந்தது. அதே தலை போன யானை, அதே எழுத்து, அதே கறுப்பு. அவன் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? பெட்டிக்குள் வைத்தான்.

ஆகஸ்டில் மெட்ராஸிலிருந்து சங்கத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார், எழுத்துள்ள காசாகத் தேடுகிறவர். ஆறுக்குட்டி பெருமையாகத் தன் காசை டக்ளஸிடம் நீட்டினான். டக்ளஸ் எடை போட்டார், பழைய பக்கத்தைப் புரட்டினார், மறுபடி எடை போட்டார். பிப்ரவரியில் நாலேகால் கிராம். இப்போது மூன்றரை. கருணாகரன் பூதக்கண்ணாடியை எடுத்து விளிம்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், நல்ல நடிகர்.

“வார்ப்பு” என்றார். “விளிம்புல அச்சுச் சேர்ந்த கோடு தெரியுது பாருங்க. குழி குழியா இருக்கு.”

ஆறுக்குட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து கத்தினான்.

“இது நீங்க திருப்பிக் குடுத்ததுங்க சார்! நான் உங்ககிட்ட நல்ல காசு குடுத்தேன்!”

“நீ எனக்குக் குடுத்ததைத்தான் நான் உனக்குக் குடுத்தேன்” என்றார் கருணாகரன், வருத்தமான குரலில். “நல்லதை வெளியில வித்துட்டு, போலியை எங்க தலையில கட்டப் பாக்கறியே, நியாயமா?”

ஒதுங்கின காசைத் தன் அலமாரிக்குள் விடாத மனிதர், அதுவும் காயலான் கடைக்குப் போடு என்று எல்லார் எதிரிலும் சொன்ன மனிதர், அதைத் திருடுவார் என்று யார் நம்புவார்கள்? கைதூக்கச் சொன்னார்கள். பதினோரு கை எழுந்தது, அதில் டக்ளஸ் கையும் ஒன்று. ஆறுக்குட்டியைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அன்று மாலைக்குள் மார்க்கெட் முழுக்கச் சேதி போய்விட்டது. கருணாகரன் கடை கடையாகப் போய், “ஜாக்கிரதையா இருங்க” என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுத்தான் வீடு ஏறினார்.

மன்னிப்பது பெரிய குணம் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் நோட்டை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறுக்குட்டி மன்னிக்கவில்லை. கருணாகரன் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் கவாத்துக் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டு நிற்பான். வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனால் கள்ளக்காசு வெட்டிவிட்டான் என்றுதான் ஊர் சொல்லும் என்ற ஒரே காரணத்தால் வெட்டவில்லை.

“உட்டுத் தொலைங்க மாமா” என்பாள் வேலாமணி. “ஒரு துண்டுச் செம்புக்கு இத்தன வயித்தெரிச்சலா?”

“செம்பு போவட்டும் புள்ள. என்ற பேரு அவன் ஊட்டு அலமாரியில இருக்குது. அத எடுக்காம நான் சாவ மாட்டேன்.”

எப்படி எடுப்பது? நல்ல காசு கருணாகரனிடம்தான் இருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. எழுத்து முழுதாக உள்ள ஒரே காசை எந்தப் பைத்தியக்காரனும் விற்கமாட்டான். ஆனால் அதை அந்த ஆள் தானாக வெளியே எடுத்து நாலு பேர் முன்னால் வைக்க வேண்டும். காசை வைத்துத்தான் காசைப் பிடிக்க முடியும் என்று ஆறுக்குட்டி முடிவு செய்தான். அதே வகையில் இன்னொரு காசு வேண்டும். அது நட்ட நடுவில் விழுந்ததாக, கருணாகரன் வாயில் எச்சில் ஊறுகிற அழகாக இருக்க வேண்டும். எழுத்து மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை முதல் பஸ்ஸில் மலை இறங்கிக் கரூர் போவான். மணல் சலிக்கிறவர்கள் கொட்டிக் காட்டும் காசுகளில் யானையை மட்டும் பொறுக்குவான். கால் போனது வரும், முதுகு போனது வரும், அடி சறுக்கி இரண்டு தும்பிக்கை விழுந்ததுகூட வந்தது. கீழே வைத்துவிட்டுத் திரும்புவான். உறுமீனுக்குக் காத்திருக்கிற கொக்குகூட அத்தனை வருஷம் ஒற்றைக்காலில் நின்றிருக்காது.

1996 பொங்கல் முடிந்த வாரத்தில் அது கிடைத்தது. யானை நடு வில்லையில் நின்றது, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, நாலு பக்கமும் ஒரே அளவு ஓரம் விட்டு. வாலுக்குப் பின்னால் எழுத்துகளின் அடிக்கால்கள் மட்டும் நாலு புள்ளியாகத் தெரிந்தன. ஆறுக்குட்டி ஆற்று மணலிலேயே உட்கார்ந்து அழுதான். காசு விற்றவன் விலை அதிகம் சொல்லிவிட்டோமோ என்று பயந்துபோனான்.

அடுத்தது பதிவேடு. 1983-ஆம் வருஷப் பதிவேடு இருந்தால்தான் எல்லாம். பழைய பதிவேடுகள் மழையில் ஹால் ஒழுகி நாசமாகிவிட்டதாகக் கருணாகரன் எப்போதோ அறிவித்திருந்தார். அறிவித்த நாளிலிருந்துதான் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் டக்ளஸ் எலிப்பொறி வாங்கக் கடைக்கு வந்தார். பொறியை மடித்துக் கொடுத்துக்கொண்டே, ஆறுக்குட்டி கேட்டான்.

“ஏனுங்க, அந்தப் பழைய நோட்டெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“எதுக்குத் தூக்கிப் போடணும்?” டக்ளஸுக்குக் கோபமே வந்துவிட்டது. “நனஞ்சுதான் போச்சு. ஊட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல கொடி கட்டி ஒவ்வொரு பக்கமாக் காய வெச்சேன். எல்லாம் டிரங்குப் பெட்டியில இருக்கு.”

“தலைவர்கிட்டச் சொன்னீங்களா?”

“அவர் கேக்கவே இல்லையே.”

ஆறுக்குட்டி எலிப்பொறிக்குக் காசு வாங்க மறுத்தான். மே மாதக் கண்காட்சிக்கு அந்த ஒரு நோட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வர முடியுமா, தன் பழைய காசின் தேய்ப்பை ஒரு தடவை பார்க்க ஆசை என்று கேட்டான். பதிமூன்று வருஷம் முன்னால் தூக்கிய கையை டக்ளஸும் மறக்கவில்லை போல. “கொண்டாறேன்” என்று மட்டும் சொன்னார்.

மே மாதம் சீசனில் சங்கம் வருஷக் கண்காட்சி வைக்கும். அன்று மட்டும் யார் வேண்டுமானாலும் காசு கொண்டுவரலாம், பதிவு செய்துவிட்டுக் கண்ணாடிக்குக் கீழே வைக்கலாம். அந்த வருஷம் கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியர் மருதாம்பாள் வந்திருந்தார், பழைய எழுத்துகளையே படித்து நரைத்தவர். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். ஆறுக்குட்டி படியேறி வந்தான். அவன் நேராக டக்ளஸ் மேசைக்குப் போய்க் காசைப் பதிந்து, கண்ணாடிக்குக் கீழே வைத்தான்.

மருதாம்பாள் குனிந்து பார்த்தார். “என்ன அழகு!” என்றார். “இந்த வகையில இவ்வளவு நடுவுல விழுந்ததை நான் பார்த்ததே இல்ல.”

கருணாகரனும் குனிந்தார். அவர் பூதக்கண்ணாடி அந்த யானையை விட்டு நகரவில்லை.

“எல்லாம் தலைவர் சொல்லிக் குடுத்ததுங்கம்மா” என்றான், குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு. “மையந்தான் முக்கியம், எழுத்து எதுக்குங்கன்னு சொல்வாரு. அதான் எழுத்தப் பத்திக் கவலப்படாம இத வாங்குனேன்.”

“அது தப்புங்க” என்றார் மருதாம்பாள். “யானை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். யாரோட காசுன்னு அந்த எழுத்துதானே சொல்லணும்? எழுத்து முழுசா இருந்தா, யானைக்குத் தலையே இல்லாட்டியும், இந்த மாதிரி பத்தை அதுக்கு ஈடா வெக்கலாம். அப்படி ஒண்ணு கிடைச்சா, கண்டுபிடிச்சவர் பேரோட புஸ்தகத்துல போடுவேன்.”

பத்திரிகைக்காரர் அதை எழுதிக்கொண்டார். கேமராவை ஆறுக்குட்டியின் பக்கம் திருப்பினார். கருணாகரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதிமூன்று வருஷம் யாருக்கும் காட்டாமல் ராத்திரி ராத்திரி தடவிப் பார்த்த பொருள் அவருக்குள் இருந்து உதைத்தது. தான் வைத்திருப்பதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாமல், ஒரு கள்ளக்காசு போட்டோவுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்குக் கடை இருக்குதுங்க, வாறேன்” என்று ஆறுக்குட்டி படியிறங்கினான். கடைக்குப் போகவில்லை. கீழே பேக்கரி ஓரம் நின்று, வாங்கிய வர்க்கியைத் தின்னாமல் கையிலேயே நொறுக்கிக்கொண்டிருந்தான். கருணாகரன் குடையை மறந்து ஓட்டமும் நடையுமாகப் பெட்போர்டு ஏற்றத்தில் போவதைப் பார்த்தான். பனி இறங்கி ரோடு மறைந்தது. அந்த ஆள் திரும்பி வராமல் போய்விட்டால் என்ன செய்வது? அரைமணி நேரம் கழித்துக் கம்பளிக் கோட்டு பனிக்குள்ளிருந்து வந்தது, கையில் ஒரு சின்ன நகைப் பெட்டியோடு.

நூறு எண்ணிவிட்டு ஆறுக்குட்டி பின்னாலேயே ஏறினான்.

டக்ளஸ் அப்போதுதான் பென்சிலைத் தேய்த்து முடித்திருந்தார். எடை நாலேகால் கிராம். கொண்டுவந்தவர் கருணாகரன். “1979-லயே கரூர்ல வாங்கினது” என்று அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மருதாம்பாள் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “நாலு எழுத்தும் இருக்கே!” என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். தலை போன யானை. ஆறுக்குட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனான்.

கருணாகரன் அவனைப் பார்த்தார். பார்த்தும் அசரவில்லை. பதிவேடு இல்லை, ஊர் நம்பாத ஒருவன் கத்தினால் கத்தட்டும் என்ற தைரியம். ஆறுக்குட்டி கத்தவில்லை.

“டக்ளஸ் சார், அந்த நோட்டுல எம்பத்தி மூணு பிப்ரவரிய எடுங்க” என்றான்.

டக்ளஸ் மேசைக்குக் கீழே இருந்த துணிப்பையிலிருந்து, மழைக்கறை பிடித்து உப்பிய பதிவேட்டை எடுத்தார். கருணாகரன் முகத்தில் அப்போது ஓடிய நிறத்தைப் பார்க்க இன்னொரு பதிமூன்று வருஷம் காத்திருக்கலாம். டக்ளஸ் இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்து ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. ஓரத்து விரிசல் ஒரே இடத்தில் ஓடியது. நாலு எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. எடையும் அதே நாலேகால். கொண்டுவந்தவர் ஆறுக்குட்டி, சரிபார்த்த தலைவர் கருணாகரன். முழுக் கையெழுத்து.

“இது... இதே மாதிரி இன்னொரு காசு இருந்திருக்கலாமே” என்றார் கருணாகரன்.

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். ரெண்டு காசு ஒரே மாதிரி மையம் தப்பாது என்று வருஷாவருஷம் அவர் வாயால் கேட்டவர்கள்தானே எல்லாரும்? நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“தப்பாது சார்” என்றார் டக்ளஸ். “நீங்கதான் சொன்னீங்க.”

மருதாம்பாள் காசை ஆறுக்குட்டியின் கையில் வைத்தார். ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். கைதூக்கியவர்களில் நாலு பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஆறுக்குட்டி எல்லாருக்கும் தலையாட்டினான். மனசு ஆறவில்லை. இந்த ஏழெட்டுப் பேரா அவன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தது?

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தூறலில் கருணாகரன் கடை வாசலில் வந்து நின்றார். ஒரே ராத்திரியில் கோட்டு அவருக்குப் பெரிதாகியிருந்தது.

“போலீசுக்குப் போயிடாதே ஆறுக்குட்டி. வயசான காலம். கோயம்புத்தூர்ல சிலை வார்க்கிற ஒருத்தன்கிட்டக் குடுத்துச் செஞ்சேன், புத்தி கெட்டுப் போச்சு. அலமாரியையே எடுத்துக்க. எல்லாம் நடுவுல விழுந்த காசு.”

“அது எனக்கெதுக்குங்க?” என்று ஆறுக்குட்டி கடைக் கதவை இழுத்துச் சாத்தினான். “அன்னைக்குக் கடை கடையாப் போயிச் சொன்னீங்கல்ல? இன்னைக்கும் போலாம் வாங்க. காச மாத்துன திருடன் நான்தான், இவரு கள்ளக்காசு இல்லன்னு ஒவ்வொரு கடையிலயும் உங்க வாயால சொல்லோணும். நான் கூட வாறேன்.”

“பஸ் ஸ்டாண்ட் வரைக்குமா?”

“பஸ் ஸ்டாண்ட் வரைக்குந்தான். நடங்க.”

முதலில் ஜவுளிக்கடை. கருணாகரன் தலையைக் குனிந்து சொன்னார். கடைக்காரர் கருப்புசாமி கல்லாவை விட்டு எழுந்து வந்து, “தப்பா நெனச்சுட்டமுங்க ஆறுக்குட்டி, மனசுல வெச்சுக்காதீங்க” என்று கும்பிட்டார். ஆறுக்குட்டிக்கு உடம்பெல்லாம் இனித்தது. யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம், இதோ வந்துவிட்டது. மருந்துக்கடையில் சொல்லும்போது கருணாகரனுக்குக் குரல் கம்மியது. “சத்தமாச் சொல்லுங்க சார், உள்ள மாத்திர எடுக்கறவரு காதுல உழுவலீங்க” என்றான் ஆறுக்குட்டி. கறிக்கடையில் மூன்று தடவை சொல்ல வைத்தான்.

ஆனால் ஏழாவது கடையிலிருந்து ஒன்று இடித்தது. செல்லும் கடைகளில் பாதிக்குமேல் புது ஆட்கள். என்ன காசு, என்ன சங்கம் என்று விழித்தார்கள். “அப்படிங்களா?” என்று கேட்டுக்கொண்டு தராசைப் பார்த்தார்கள். கருணாகரன் திருடினது அவர்களுக்கு ஒரு சேதியே இல்லை.

பஸ் ஸ்டாண்ட் முக்கில் இசக்கியின் டீக்கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து எட்டு வருஷத்துக்கு முன் மலையேறி வந்தவன். தினமும் நாலு மணிக்கு ஆறுக்குட்டி அங்கேதான் டீ குடிப்பான். கருணாகரன் நனைந்த தலையோடு நின்று, கடைசித் தடவையாக, மூச்சு வாங்கிக்கொண்டு முழுக்கச் சொன்னார். இசக்கி பொறுமையாகக் கேட்டான்.

“பாவம், வயசாளி. இத்தன வருசம் கழிச்சு எதுக்கு மழையில நடக்க வச்சீக?” என்றான். பிறகு ஆறுக்குட்டியைப் பார்த்து, வழக்கமான பிரியத்தோடு, “கள்ளக்காசு அண்ணாச்சி, டீயா, காப்பியா?” என்றான்.

கருணாகரனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பேதான். ஆறுக்குட்டி பார்த்துவிட்டான். காலையிலிருந்து இனித்ததெல்லாம் நாக்கில் கசந்தது.

“நாளைக்கும் ஒம்பது மணிக்கு வந்துருங்க” என்றான்.

“எதுக்கு? எல்லாக் கடையும் முடிஞ்சுதே!”

“மொதல் கடையிலிருந்து திரும்பச் சொல்லுவீங்க. நாளான்னைக்கும் வருவீங்க.”

“எத்தனை நாளைக்கு?” கருணாகரனுக்கு அழுகை வந்துவிட்டது.

“இவன் வாயில என்ற பேரு வர்ற வரைக்கும்.”

இசக்கி டீயை ஆற்றுகிற கையை நிறுத்தினான். ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏன் அண்ணாச்சி, உங்க பேருதான் என்ன?”

எட்டு வருஷம் டீ குடித்த கடை. ஆறுக்குட்டி கருணாகரனின் கோட்டுக் காலரைப் பிடித்து இசக்கியின் பக்கம் திருப்பினான்.

“நீங்க சொல்லுங்க சார்.”

கருணாகரன் சொன்னார். மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியதில் அது இசக்கிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னான் ஆறுக்குட்டி.